கட்டாமல் விட்ட பூ

லியோகாதியாவைப் போலப் பயந்த பெண்ணை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் வீட்டிலிருக்கும் கண்ணாடியைப் போர்வையால் மூடிவிடுவாள். நாய் குரைத்தால் தெருவின் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடுவாள். அவள் கணவன் அபுந்தியோ சரக்கு லாரியில் வஹாக்கா நகரத்துக்குப் போய்த் திரும்பும்வரை அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். அவள் மகளுக்கு ஞானத்தாயாக நின்று கோவிலில் குழந்தையைக் கையில் ஏந்தியவள் நான். அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி அவள் என்னைக் 'கொமாத்ரே' என்பாள், நானும் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன்.

தெருமுனையில் எனக்கு மாவு மில் இருக்கிறது. வேகவைத்த சோளத்தை வாளியில் எடுத்துக்கொண்டு பெண்கள் விடியும்போதே வந்துவிடுவார்கள். மில்லின் பின்படியில் நின்றால் லியோகாதியாவின் கொல்லை முழுதும் தெரியும். சோளத்துக்கும் அவரைக்கும் நடுவே தரையெல்லாம் பூசணிக்கொடி. ஜூலை, ஆகஸ்டில் ஒவ்வொரு காலையும் அவள் அந்தக் கொடிகளுக்குள் குனிந்துகொண்டிருப்பதைப் பார்த்தபடிதான் நான் இயந்திரத்தைக் கிளப்புவேன்.

அவள் செய்தது இதுதான். மாலையில் கொடியெல்லாம் தேடி, மறுநாள் மலரப் போகும் மொட்டுகளைக் கண்டுபிடிப்பாள். அப்படிப்பட்ட மொட்டின் நுனியில் லேசாக மஞ்சள் தட்டியிருக்கும். அடியில் சின்னப் பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண் பூ, நீளக் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. இரண்டையும் நுனியில் நூலால் கட்டிவைப்பாள். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடித் தண்டைப் பெண் பூவுக்குள் விட்டு மெல்லத் தேய்ப்பாள். தேய்த்த பூவை மறுபடி கட்டுவாள். விதைக்கு விடப்போகும் காயின் காம்பில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்று சுற்றியிருக்கும்.

மில்லுக்கு வரும் பெண்களுக்கு இது பெரிய வேடிக்கை. "இன்னிக்கு எத்தனை கல்யாணம் பண்ணி வெச்சீங்க, பாதிரியாரே?" என்று சுவருக்கு மேலாகக் கேட்பார்கள். அபுந்தியோவின் அக்கா எர்மெலிந்தா அதே வீட்டில்தான் இருந்தாள். கல்யாணம் ஆகாதவள், வாய் நீளம். "தேனீக்குச் சம்பளமா கொடுக்கறோம்? அது சும்மா பண்ற வேலையை இவ முட்டி வலிக்கப் பண்றா" என்பாள். லியோகாதியா சிரிக்கவும் மாட்டாள், பதிலும் சொல்ல மாட்டாள். ஒருமுறை மட்டும் என்னிடம் சொன்னாள். "ஓடைக்கரையில பேய்ப்பூசணி கிடக்கு, கொமாத்ரே. தேனீ அங்கயும் போகுது, இங்கயும் வருது."

பேய்ப்பூசணி எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆரஞ்சுப் பழ அளவுக்கு உருண்டையாக, பச்சையில் வெள்ளைக் கோடு போட்டுக் காய்க்கும். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. அந்தக் காலத்தில் அதை நசுக்கித் துணி வெளுப்பார்கள். மாடுகூட அதைத் தொடாது. அதற்குப் போய் ஒருத்தி இவ்வளவு பயப்படுவாளா என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. எந்தப் பூசணியை நறுக்கினாலும் முதலில் ஒரு துண்டைப் பச்சையாக நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

நான் சொல்லப்போகும் வருஷத்துக்கு முந்தின ஆகஸ்டில் அவள் மகளுக்குத் தலைநகரில் பிரசவம். கொடிகள் பூத்துத் தள்ளுகிற நேரம். லியோகாதியா போக வேண்டியிருந்தது. பேருந்து ஏறும்வரை எர்மெலிந்தாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். "சாயங்காலம் கட்டணும் மதினி. காலையில வெயில் ஏறதுக்கு முன்னாடி தேய்ச்சிடணும். மறுபடி கட்டணும். விதைக்காய்க்கு மட்டும் செஞ்சா போதும்." எர்மெலிந்தா, "போயிட்டு வாடி. நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றாள். லியோகாதியா திரும்பி வந்தபோது நாலு காய்களின் காம்பில் சிவப்பு நூல் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. அவற்றைப் பழுக்க விட்டு விதை எடுத்தாள். அந்த வருஷக் காய்கள் எப்போதும் போல இனிப்பாகவே இருந்தன.

மறுவருஷ மழை தொடங்கியதும் அந்த விதைகளைத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்தாள். பயந்தவள்தான், ஆனால் கை தாராளம். அவள் விதை என்றால் தெருவில் தனி மதிப்பு. எனக்கும் ஒரு பிடி தந்தாள். மில்லுக்குப் பின்னால் நான் ஊன்றினேன்.

*

அந்த ஆகஸ்டில் மழை வலுத்தது. மேலே எங்கோ கம்பம் சாய்ந்து ஊரில் மின்சாரம் போய்விட்டது. என் மில் ஓடவில்லை. பெண்கள் பழையபடி கல்லில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் முக்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்று லியோகாதியா பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போயிருந்தாள்.

பிற்பகலில் எர்மெலிந்தா ஓடிவந்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவள், அன்று வாசலில் நின்று என் கையைப் பிடித்து இழுத்தாள், அவ்வளவுதான்.

அபுந்தியோ சமையலறைத் தரையில் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கிடந்தான். வாந்தி எடுத்து எடுத்து, இப்போது வெறும் பச்சைத் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டேன். சில்லென்று வேர்த்திருந்தது. கொல்லைப்பக்கம் போய்வந்தபோது ரத்தமாகப் போயிற்று என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. லாரியில் மூட்டை தூக்கிப் போடுகிற ஆள், குழந்தை மாதிரி முனகினான்.

"என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டேன்.

"பூசணிப் பிஞ்சு சூப்புதான்" என்றாள் எர்மெலிந்தா.

அப்போதுதான் லியோகாதியா கூடையோடு உள்ளே வந்தாள். கணவனைப் பார்த்தாள். கத்துவாள், மயங்கி விழுவாள் என்று நான் எழுந்து நின்றேன். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே அடுப்பருகில் போய், சட்டிக்குள் விரலைவிட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது. வாசற்படியில் துப்பினாள். பிறகு கோழிகள் இருக்கும் இடத்துக்குப் போய்த் தரையைப் பார்த்தாள். பூசணித் தோலும் நடுச்சதையும் அங்கே கொட்டியிருந்தன. சுற்றிலும் கோழிகள் மேய்ந்தன. அதை ஒன்றுகூடத் தொடவில்லை.

"பேய்" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் தெரு எலிஹியோவின் சின்ன வண்டியில் அபுந்தியோவைப் படுக்கவைத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆற்றில் தண்ணீர் சக்கரத்துக்கு மேலே வந்துவிட்டது. லியோகாதியா அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்ட சத்தம் இஞ்சின் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. நாங்கள் கடந்த கொஞ்ச நேரத்தில் ஆறு பெருகி, பின்னால் எந்த வண்டியும் வரமுடியாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளிலும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அங்கே எர்மெலிந்தாவுக்கு வாய் திரும்பிவிட்டது. கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவ தோட்டத்துக் காய்தான். இவ விதை, இவ கொடி. நாள் பூரா அதுக்குள்ளயே குனிஞ்சு கிடப்பா. என்னத்தைப் போட்டு வளர்த்தாளோ." பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் லியோகாதியாவை ஒருமாதிரி பார்த்தார்கள். எங்கள் தெருக்காரன் ஒருவன் அங்கே கைமுறிவுக்கு வந்திருந்தான். அவனும் கேட்டான். ஊருக்குப் போனதும் அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரிந்தது. லியோகாதியா தலையைத் தூக்கவே இல்லை.

"அவனுக்கு நாக்கே செத்துப் போச்சே. கசப்பு தெரிஞ்சிருந்தா துப்பியிருப்பானே" என்றேன் நான். இரண்டு வருஷத்துக்கு முன் லாரி கவிழ்ந்து மண்டையில் அடிபட்டதிலிருந்து அபுந்தியோவுக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. உப்பும் மிளகாயும் அள்ளிப் போட்டுக்கொண்டு, வயிறு நிறைந்தால் சரி என்று சாப்பிடுவான்.

எர்மெலிந்தா பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

*

காலையில் ஒரு டாக்டரம்மா வந்தாள். அபுந்தியோ உயிரோடிருந்தான். வெளுத்துக் கிடந்த உதட்டில் கொஞ்சம் சிவப்பு திரும்பியிருந்தது. "பிழைச்சுக்குவார்னு நினைக்கிறேன்" என்றாள் டாக்டரம்மா. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவள் வெளியே போகப்போனவள் திரும்பி, "அதே காயை வேற யாராவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இவர் ஒருத்தர்தான்" என்றாள் லியோகாதியா. சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன். மெதுவாக எர்மெலிந்தா பக்கம் திரும்பினாள்.

"மதினி, போன வருஷம் நான் ஊர்ல இல்லாதப்போ பூ கட்டினீங்களா?"

"கட்டினேன்னு அப்பவே சொன்னேன்ல."

"சொன்னீங்க. கட்டினீங்களா?"

எர்மெலிந்தா தன் சால்வை முனையை முறுக்கினாள். "மழை பெஞ்சுக்கிட்டே இருந்துச்சு" என்றாள். "சாயங்காலமெல்லாம் கொசு. நாலு காய் நல்லா தேறினதாப் பாத்து, நீ வர்றதுக்கு முந்தின நாள் சிவப்பு நூலைச் சுத்தி வெச்சேன். எல்லாம் ஒண்ணுதானேன்னு நினைச்சேன்." பிறகு யாரும் கேட்காமலே, குரல் உடைந்து, "நேத்து சூப்பு ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். கசந்துச்சு. கொஞ்சம் வெல்லமும் மிளகாயும் போட்டேன். அவனுக்கு என்ன ருசியா தெரியப் போகுதுன்னு ஊத்திக் கொடுத்துட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சால்வையில் புதைத்துக்கொண்டாள்.

லியோகாதியா அவளைத் திட்டவில்லை. திட்ட அவளுக்கு நேரமில்லை. "விதை" என்றாள் என்னிடம். "கொமாத்ரே, அந்த விதையைத் தெரு பூரா கொடுத்திருக்கேன்."

பூசணியில் கலப்பு நடந்தால் அந்த வருஷக் காய் காட்டிக்கொடுக்காது. விஷம் விதைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த வருஷக் காயில்தான் வெளியே வரும். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்க ஒரு கணம் ஆயிற்று. என் மில்லுக்குப் பின்னால் அந்தக் கொடிதான். என் கணவன் ஃபாஸ்தினோ வீட்டில் தனியாக இருந்தான். நான் இல்லாத நாளில் கொடிக்கொழுந்தையும் பிஞ்சையும் பறித்துப் போட்டுச் சூப்பு வைப்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே சமையல்.

ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது. எர்மெலிந்தாவை அபுந்தியோவின் பக்கத்தில் விட்டுவிட்டு, கரையைக் கடந்த முதல் வண்டியில் ஏறினோம். மின்சாரம் இன்னும் வரவில்லை. ஊராட்சி ஒலிபெருக்கியில் சொல்லவைக்க வழியில்லை. வீடு வீடாகத்தான் போகவேண்டும்.

வண்டியில் லியோகாதியா என்னோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, சாலையைப் பார்த்தபடி பேசினாள். "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. அஞ்சு வயசு. எங்க மலையூர்ல எங்கம்மா சமைச்ச பூசணியைச் சாப்பிட்டா. கசக்குதுன்னு அழுதா. சாப்பாட்டை வீணாக்காதேன்னு எங்கம்மா கிண்ணத்தைக் காலி பண்ண வெச்சா. அங்க ஆஸ்பத்திரி இல்ல. அடுத்த நாள் சாயங்காலம் போயிட்டா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எனக்குக் கசந்ததும் நான் ஜன்னல் வழியா கொட்டிட்டேன். அதான் இருக்கேன்."

இத்தனை வருஷத்தில் அவள் இதை எங்களில் யாரிடமும் சொன்னதில்லை. அவளைப் பாதிரியார் என்று கேலி செய்த காலைகளெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. அதை நினைத்துக்கொண்டிருக்கவும் என்னால் முடியவில்லை. என் மனம் முழுக்க ஃபாஸ்தினோவின் சூப்புச் சட்டிதான்.

*

ஃபாஸ்தினோ வாசலில் உட்கார்ந்து அவரைச் சுண்டல் தின்றுகொண்டிருந்தான். "சூப்பா? மழையில யாரு போய்க் கொடியைப் பறிக்கறது?" என்றான். அவன் சோம்பேறித்தனத்துக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றுதான். என் கொல்லையில் மூன்று கொடி. லியோகாதியா ஒவ்வொரு கொடியிலும் ஒரு பிஞ்சைப் பறித்து, நகத்தால் கீறி, நாக்கில் தொட்டுத் துப்பினாள். இரண்டு இனிப்பு. மூன்றாவதில் அவள் முகம் மாறியது. மூன்றையும் வேரோடு பிடுங்கினோம். பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தன. இலையிலும் வித்தியாசமில்லை, பூவிலும் இல்லை. அதுதான் எனக்கு அதிக பயத்தைத் தந்தது.

அடுத்த வீட்டுக்காரி முந்தின நாளே சமைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்திருந்தாள். கேட்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டு குழந்தைகளை இழுத்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவர்கள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். லியோகாதியா கொடியைச் சோதித்துவிட்டு, "இது இனிப்பு, ஒண்ணும் ஆகாது" என்றாள். அந்தத் தாய் அதை நம்பாமல் சாயங்காலம்வரை குழந்தைகளை வாசலிலேயே உட்காரவைத்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த வீட்டில் சின்னப்பெண் ஒருத்தியின் கன்னம் வீங்கியிருந்தது. சூப்பு வேண்டாமென்று அடம்பிடித்ததற்காக அவள் அம்மா முந்தின நாள் அறைந்திருந்தாள். அந்தப் பெண் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பன்றித் தொட்டியில் கொட்டியிருக்கிறாள். பன்றி சுவரோரம் பக்கவாட்டில் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் யாரும் சூப்பைத் தொடவில்லை, வீட்டில் வேறு கறி இருந்ததால். அம்மாக்காரி பன்றியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். லியோகாதியாவும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாறு வயதுதான் இருக்கும்.

"வாங்க கொமாத்ரே, நிக்காதீங்க" என்று நான் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். அவள் உதடு தடித்திருந்தது. நாக்கு மரத்துவிட்டதென்றாள். வயிற்றை முறுக்குகிறது, அது பயமா விஷமா தெரியவில்லை என்றாள். நான் தொட்டுப் பார்க்கிறேன் என்றேன். "வேணாம். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பயத்தையும் என்னால தாங்க முடியாது" என்றாள். உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

கைமுறிவுக்காரன் தண்ணீர் வடிய வடிய ஆற்றை நடந்தே கடந்து எங்களுக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தான். பேச்சு பரவிவிட்டது. சில வீட்டில் நாங்கள் வருவதைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி ஜன்னலுக்குள்ளிருந்து, "புருஷனுக்கு வெச்சது போதாதா?" என்றாள். லியோகாதியாவுக்குக் கேட்டது. கண் நிறைந்தது. ஆனாலும் அந்த ஜன்னலருகில் போய், "திட்டுங்க. ஆனா கொடியைப் பிடுங்கிப் போட்டுட்டுத் திட்டுங்க" என்று கெஞ்சினாள். பிடுங்கினார்கள்.

கடைசி வீடு காசில்தாவுடையது. தெருக்கோடியில் கொட்டகை போட்டு, புதுச் சாலை போடுகிற கூலியாட்களுக்குச் சமைத்துப் போடுகிறவள். ஆளும் பெரிய ஆள், குரலும் பெரிய குரல். வாசலில் கயிறில்லாத கறுப்பு நாய். லியோகாதியா அந்த வாசல் பக்கமே போனதில்லை; விதையைக்கூட என் கையில்தான் கொடுத்தனுப்பியிருந்தாள்.

நாங்கள் போனபோது கூலியாட்கள் கொட்டகைக்குள் பலகைகளில் உட்கார்ந்து கிண்ணத்தோடு காத்திருந்தார்கள். அடுப்பில் இரண்டு கைப்பிடி வைத்த பெரிய சட்டி கொதித்தது. மேலே பூசணிப் பூவும் பிஞ்சுத் துண்டுகளும் மிதந்தன. நான் தெருவிலிருந்தே விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கும் சொன்னாங்க" என்றாள் காசில்தா, கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு. "நேத்து அதே கொடிக் காயைத்தான் வறுத்துப் போட்டேன். ஒருத்தன் செத்தானா? இவ வீட்டுச் சண்டையை என் அடுப்புக்கு எதுக்குக் கொண்டு வர்றீங்க?"

"எத்தனை கொடி இருக்கு?" என்று கேட்டாள் லியோகாதியா.

"அஞ்சாறு இருக்கும். அதுக்கென்ன?"

"இன்னிக்கு எந்தக் கொடியில பறிச்சீங்க? ஒரு ஸ்பூன் கொடுங்க. நாக்கில வெச்சுப் பாத்துட்டுப் போயிடறேன்."

"என் சட்டியில உன் எச்சில் படறதுக்கா? போடி இங்கேருந்து. நானே பூசணி தின்கிறவ இல்ல. தின்கிறவங்க வாயைத் தொறந்து சொல்லட்டும்."

நாய் எழுந்து நின்று உறுமியது. காசில்தா கரண்டியைச் சட்டிக்குள் விட்டு முதல் ஆளின் கிண்ணத்தில் ஊற்றினாள். லியோகாதியா என் கையைப் பிடித்திருந்தாள். இரண்டாவது கிண்ணத்தை நீட்டினார்கள். லியோகாதியாவின் கை என் கையிலிருந்து நழுவியது.

அவள் நாயைத் தாண்டித்தான் போனாள். அது அவள் பாவாடையைக் கவ்விக் கிழித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய் ஒற்றைக் காலைத் தூக்கிச் சட்டியின் விளிம்பை உதைத்தாள். சட்டி ஒருமுறை ஆடிவிட்டுக் கவிழ்ந்தது. தீயில் சூப்பு கொட்டி, கொட்டகை முழுதும் ஆவியும் சாம்பலும் நிறைந்தது. யாரோ ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். ஆவி கொஞ்சம் விலகியபோது காசில்தா லியோகாதியாவின் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். கரண்டி ஓங்கியிருந்தது. லியோகாதியா கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தாள். வெந்த கால் சிவந்திருந்தது.

"அம்மா" என்றான் முதல் கிண்ணம் வாங்கிய ஆள். எச்சிலைத் தரையில் துப்பிக்கொண்டிருந்தான். "கசக்குது அம்மா. ஒரு வாய்தான் வெச்சேன். நாக்கே எரியுது."

காசில்தா பின்னலை விடாமலே அவன் கிண்ணத்தை வாங்கி, விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். அவள் நாலைந்து முறை துப்பினாள். துப்பிவிட்டுப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆட்களை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள். பின்னல் கையிலிருந்து தானாக அவிழ்ந்தது.

"உப்புத் தண்ணி கரைச்சு இவனுக்குக் கொடு" என்றாள் என்னிடம். பிறகு வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். ஒவ்வொரு கொடியாக அவள் வெட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கத்தியை மூலையில் எறிந்தாள். லியோகாதியாவின் காலுக்குப் பன்றிக்கொழுப்பு தடவித் துணி சுற்றினாள்.

அந்தக் கூலியாளுக்கு ஒரு நாள் வயிற்றுவலி, அவ்வளவோடு போயிற்று. தெருவில் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. பன்றி செத்தது.

*

அபுந்தியோ வீடு திரும்பியபோது பாதி உடம்பாக இருந்தான். இனி எல்லாம் சரி என்று நாங்கள் நினைத்த நேரத்தில் அவன் தலைமயிர் கொட்டத் தொடங்கியது. சீப்பில், தலையணையில், தொப்பிக்குள் என்று கைநிறைய வந்தது. லியோகாதியா மறுபடி நடுங்கிப்போனாள். அந்த விஷம் சிலருக்கு அப்படிச் செய்யும், திரும்ப வளரும் என்று டாக்டரம்மா சொன்னாள். மழமழவென்று மொட்டையாகத் தெருவில் நடந்தவனைப் பையன்கள் பூசணிக்காய் என்று கூப்பிட்டார்கள். "கசப்புப் பூசணிடா, கிட்ட வராதீங்க" என்று அவனும் சிரித்தான். ஜனவரி வாக்கில் மயிர் முளைத்தது. முன்பு நேராக இருந்தது, இப்போது சுருளாக வந்தது.

எர்மெலிந்தாவின் வாய் அடங்கிவிட்டது. தெருவில் யார் கேட்டாலும், "நான்தான் பூவைக் கட்டல, நான்தான் கசந்ததைக் கொடுத்தேன்" என்று அவளே சொன்னாள். லியோகாதியா அவளை வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் உப்பு எங்கே, விறகு இருக்கா என்பதற்குமேல் அவளோடு பேச அவளுக்கு வெகுநாள் ஆயிற்று. அதை நான் குறையாக நினைக்கவில்லை.

மறுவருஷம் விதைக்கு நாங்கள் வெகுதூரம் போனோம், பேய்ப்பூசணி இல்லாத ஒரு பள்ளத்தாக்குச் சந்தைக்கு. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓடைக்கரையைச் சுத்தம் செய்தார்கள். ஆனாலும் அது எங்காவது ஒரு மூலையில் முளைத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் அந்த ஜூலையில் மாலையானதும் ஒவ்வொரு கொல்லையிலும் ஒருத்தி குனிந்து பூவுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

முதல் காய் வந்தபோது யாருக்கும் நறுக்கத் தைரியமில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் லியோகாதியாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவளுக்கு அந்த நாட்கள் நரகம். காலையில் ஒரு வாய் காப்பி உள்ளே இறங்காது. என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.

காசில்தா கொட்டகை வாசலில் நாயைக் கட்டிப்போட்டிருந்தாள். சுத்தமான தட்டில் ஒரு துண்டைக் கீறி வைத்து நீட்டினாள். லியோகாதியா துண்டை எடுக்காமல் தட்டையே பார்த்தாள்.

"பயமா இருக்கா?" என்றாள் காசில்தா.

"இருக்கு."

"எனக்கும்தான் ராத்திரி பூரா தூக்கமில்ல. வெச்சுப் பாரு."

லியோகாதியா துண்டை நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மெல்ல மென்று விழுங்கினாள்.

"இனிக்குது" என்றாள்.

காசில்தா அடுப்புக்குத் திரும்பி விறகைத் தள்ளினாள்.